பித்தப்பையில் ஒரு பழைய காய்ச்சல்

என் கணவருக்கு டைபாய்டு வந்தபோது யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை. 2006 கோடை. எங்களுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வெளியில் எங்கேயோ எதையோ சாப்பிட்டிருப்பார் என்று டாக்டர் சொன்னார், வீட்டில் எல்லோரும் தலையாட்டினோம். ஊசி போட்டார்கள், ரசம்சாதம் சாப்பிட்டார், இளைத்துப் போனார், எழுந்து வேலைக்குப் போனார். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

மாமனார் வீடு கடலூர் முதுநகரில். நான் சிதம்பரத்தில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிரியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். தினமும் காலையில் சிதம்பரம் பஸ், சாயங்காலம் திரும்பக் கடலூர் பஸ். சுனாமிக்குப் பிறகு கடலோரத்துக் கிணறுகளில் என்னென்ன கிருமிகள் இருக்கின்றன, அவை எந்த மருந்துக்குச் சாகின்றன, எதற்கு மசிவதில்லை என்று பார்ப்பதுதான் என் வேலை. எல்லாம் குடலைக் கெடுக்கும் கிருமிகள். பெண் பார்க்க வந்தபோது "லேப்ல ஆராய்ச்சி பண்றா" என்று என் அப்பா பெருமையாகச் சொன்னார். எதை ஆராய்ச்சி செய்கிறேன் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கல்யாணம் நடந்திருக்குமா என்று பின்னால் எனக்குச் சந்தேகம் வந்தது.

மாமா எடையளவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து, கள்ளத் தராசு வைத்திருந்தால் பறிமுதல் செய்து அரக்கு முத்திரை வைப்பது அவர் வேலை. மனுசன் ஏமாற்றுவான் என்ற எண்ணத்தோடு தினமும் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பியவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் அவரை விட்டுப் போகவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டுப் பார்ப்பார். பால்காரரை நிற்க வைத்து அளவைக் குவளையை வாங்கி உள்ளே ஒடுக்கு விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். பணியில் இருந்த காலமெல்லாம் வெளியூர், டூர், ஓட்டல் சாப்பாடு என்று இருந்தவர், வீட்டோடு தங்கியதும் பழம் வாங்குவதையும் நறுக்கிக் கொடுப்பதையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். பண்ருட்டிப் பலாவை அவரே கையில் எண்ணெய் தடவிப் பிளந்து, சுளை சுளையாக எடுத்து, கொட்டையை நீக்கி ஆளுக்கு ஒரு கிண்ணத்தில் வைப்பார். மாம்பழத்தைக் கூட வேறு யாரும் நறுக்க விடமாட்டார். "நீங்க தோலோட பாதிப் பழத்த வெட்டிப் போட்டுருவீங்க" என்பார்.

அந்த வீட்டுக்கு அந்தச் சமயத்தில் புதிதாக வந்தவை இரண்டு. ஒன்று, மருமகளாக நான். இன்னொன்று, ஓய்வு பெற்று வந்த மாமா. எல்லோர் கண்ணிலும் நான் மட்டும்தான் பட்டேன்.

அடுத்த வருஷம் மாம்பழ சீசனில் நாத்தனாரும் அவள் புருஷனும் விழுப்புரத்திலிருந்து வந்து ஒரு வாரம் போலத் தங்கிவிட்டுப் போனார்கள். போன கொஞ்ச நாளில் மாப்பிள்ளைக்குக் காய்ச்சல். அங்கேயும் டைபாய்டு என்றுதான் சொன்னார்கள். மாப்பிள்ளையின் அம்மா போனில் அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அத்தை ரிசீவரை வைத்த சத்தத்தில் எனக்குப் புரிந்தது.

"உங்க வூட்டுத் தண்ணி சரியில்லன்னு சொல்றாங்க. மாப்பிள்ளைய இனிமே அனுப்ப யோசிப்பாங்களாம்" என்றார் அத்தை, மாமாவைப் பார்த்து.

மாமா விசாரணையை ஆரம்பித்தார். முதலில் கேன் தண்ணீர் போடுகிறவர். அவர் எங்கே நிரப்புகிறார் என்று சைக்கிளில் பின்தொடர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு போர் தண்ணீர். பிறகு காற்று. சிப்காட் ரசாயன ஆலைகள் பக்கமிருந்து காற்றடிக்கும் நாட்களில் எங்கள் தெருவில் ஒரு நெடி வரும். "இந்த நாத்தத்துலதான் வருது" என்று ஜன்னலைச் சாத்தினார். கேன் தண்ணீரையும் போர் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்து என்னிடம் கொடுத்தார்.

"நீதான் இதெல்லாம் பாக்குறியே. பாத்துச் சொல்லு."

பார்த்தேன். இரண்டிலும் டைபாய்டு கிருமி இல்லை. சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் இருக்கும்போது அதைச் சொன்னேன். சொல்லிவிட்டு, தெரிந்ததைச் சொல்லும் ஆசையில் இன்னும் கொஞ்சம் சொன்னேன்.

"கெமிக்கல் நாத்தத்துல டைபாய்டு வராது மாமா. அந்தக் கிருமி மனுசங்க ஒடம்புல மட்டும்தான் வாழும். ஆடு மாட்டுல கூட இருக்காது. ஒரு மனுசங்கிட்டேருந்துதான் தண்ணி வழியாவோ சாப்பாடு வழியாவோ இன்னொரு மனுசனுக்குப் போவும்."

மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப யாரோ ஒரு ஆளுகிட்டதான் இருக்குதுங்குற."

"ஆமா மாமா."

அத்தை குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "உங்க லேப்ல அந்தக் கிருமி இருக்குதா?"

"இருக்குது அத்த."

"உசிரோடயா?"

பொய் சொல்லியிருக்கலாம். "உசிரோடதான்" என்றேன்.

அன்றைக்கு எனக்கு ரசம் ஊற்ற அத்தை வரவில்லை, பாத்திரத்தை என் பக்கம் தள்ளி வைத்தார். அடுத்த நாள் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகக் குளியலறைக்குப் போக வேண்டும் என்றார். என் துணிகள் தனியாக ஊறின. காலையில் நான் அடுப்படிக்குப் போனால், "நீ கெளம்பு, பஸ்ஸுக்கு நேரமாவுது, நான் பாத்துக்குறேன்" என்பார். குரலில் கோபம் இருக்காது. அதுதான் அதிகம் வலித்தது. அவர் என்னைத் திட்டவில்லை, ஒதுக்கி வைத்தார்.

"எனக்கு வரல, உங்க மாமாவுக்கு வரல. நீயும் ஜம்முனு இருக்க. புதுசா வந்தவங்க யாருன்னு பாத்தா..." என்று ஒருநாள் ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். நான் தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கிறேன், லேபில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் போட்டுக்கொள்வோம் என்று விளக்கினேன். "அப்ப அது பொல்லாத எடந்தான்" என்றார். நியாயமான பேச்சு.

என் கணவர் இதையெல்லாம் சிரித்துத் தள்ளுகிறவர். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவருக்குத் தோசை வார்த்துப் போடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "அங்க கைய நல்லாக் கழுவிட்டுதான வர்ற?" என்று கேட்டார். நான் அந்தத் தோசையை எடுத்து என் தட்டில் போட்டுக்கொண்டேன்.

அந்த மழைக்காலத்துக்கு முன்னால், ஒருநாள் மதியம், எங்கள் ஆய்வுக்கூடத்து வாட்ச்மேன் வந்து, "மேடம், ஒங்க மாமனாராம், வந்துருக்காரு" என்றார். மாமா வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, கையில் குடையோடு வாசலில் நின்றார். சிதம்பரத்துக்குச் சாமி கும்பிட வந்தாராம், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாமென்று நினைத்தாராம். நெற்றியில் திருநீறு இல்லை.

எங்கள் பேராசிரியை நல்லவர். அவரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். இன்குபேட்டரைத் திறந்து தட்டுகளை எடுத்து, "இதோ, இதுங்கதான்" என்றார். கூழ் போல உறைந்த ஊடகத்தின்மேல் கடுகளவு புள்ளிகள்.

"இத எப்படிக் கொல்லுவீங்க?" என்று மாமா கேட்டார். பெரிய பிரஷர் குக்கர் மாதிரி இருக்கும் ஆட்டோகிளேவைக் காட்டினேன். அதன் அளவுமானியைக் குனிந்து பார்த்து, இதற்கு முத்திரை எங்கே, யார் சோதித்தது என்றெல்லாம் விசாரித்தார். பிறகு அவர் கண் கீழே போனது. என் வேலை மேஜைக்கு அடியில் என் கைப்பை இருந்தது.

"இந்தப் பைதான் நம்ம வூட்ல சாப்பாட்டு மேஜ மேல இருக்குறது?" என்றார்.

அன்றைக்குப் பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வந்தோம். புதுச்சத்திரம் தாண்டும்வரை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம், "நான் உன்னக் குத்தம் சொல்ல வரலம்மா. எங்க ஓட்டை இருக்குதுன்னு பாக்குறேன்" என்றார். நான் மடியிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதுவரை அவர்கள் என்னைச் சந்தேகப்பட்டார்கள். அந்தப் பயணத்தில் நானும் சேர்ந்துகொண்டேன்.

நாத்தனார் பிரசவத்துக்கு வந்தது அதற்கப்புறம்தான். விழுப்புரத்தில் அனுப்ப மனசில்லாமல் அனுப்பினார்கள். அவள் எனக்குத் தோழி மாதிரி. அத்தை காதில் விழும்படியாகவே, "அண்ணி, எனக்கு நீங்க தல பின்னி விடுங்க" என்று கூப்பிட்டு உட்காருவாள். வாய்க்கு ருசியாக ஒன்றும் பிடிக்கவில்லை என்பாள். மாமா அவளுக்காகக் கொய்யா, மாதுளை, சப்போட்டா என்று தேடித் தேடி வாங்கி வந்து நறுக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். மகளுக்கு ஊட்டிவிடக்கூடச் செய்தார்.

எட்டாம் மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல் ஏறியது. விடவில்லை. சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இந்தமுறை வெறும் ரத்தப் பரிசோதனையோடு விடாமல், ரத்தத்தை ஊடகத்தில் விட்டுக் கிருமியையே வளர்த்துப் பார்க்கச் சொல்லி நான் கெஞ்சினேன். வளர்ந்தது. டைபாய்டு கிருமிதான். வயிற்றில் பிள்ளை இருப்பதால் அதற்கேற்ற ஊசியைப் போட்டார்கள். ஆனாலும் வலி முன்கூட்டியே வந்துவிட்டது. பெண் குழந்தை, கையளவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் உட்கார்ந்து, நான் பக்கத்தில் போனதும் புடவைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். என் மேல் அது படக்கூடாதாம்.

எங்கள் பேராசிரியை கேட்டுக்கொண்டதால் ஆஸ்பத்திரி லேபிலிருந்து அந்தக் கிருமியை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். எந்த மருந்துக்குச் சாகிறது என்று சோதித்தோம். மறுநாள் தட்டை எடுத்துப் பார்த்தேன். மருந்து வில்லைகள் ஒவ்வொன்றையும் சுற்றி அகலமான வெற்று வட்டம். எல்லா மருந்துக்கும் செத்திருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பகுதியில் நோயாளிகளிடம் கிடைத்த டைபாய்டு கிருமிகள் அப்படி இல்லை. பெரும்பாலானவை ஒரு சில மருந்துகளையாவது எதிர்த்து நிற்கும். எல்லாவற்றுக்கும் சாகிற சாதுவான கிருமி எங்களுக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எங்கள் ஆய்வுக்கூடத்தில் குளிர்பெட்டியில் பாதுகாத்து வைத்திருந்த மாதிரிக் கிருமி.

பேராசிரியை தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"நம்மகிட்ட இருக்குறது மாதிரியே இருக்குதேம்மா" என்றார்.

"நான் ஜாக்கிரதையாதான் மேடம்..."

"நான் எதுவும் சொல்லல. நீ கொஞ்ச நாள் லேபுக்கு வர வேண்டாம். உன் மோஷன் சாம்பிள் மட்டும் குடு. ஒண்ணு போதாது, விட்டு விட்டுக் குடு."

வீட்டில் சந்தேகப்பட்டபோது எனக்குள் ஒரு திமிர் இருந்தது. இவர்களுக்கு என்ன தெரியும், அறிவியல் என் பக்கம் இருக்கிறது என்ற திமிர். அந்த மதியம் அதுவும் போனது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டியைத் தள்ளி நின்று பார்த்தேன். அந்தக் குழந்தையின் வயிறு மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது. நான்தான் இதைச் செய்தேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை என்று சொல்ல என்னிடம் சாட்சி எதுவும் இல்லை.

என் மல மாதிரிகளில் ஒன்றும் இல்லை. அதற்குள் பேராசிரியை இன்னொரு சோதனை செய்திருந்தார். டைபாய்டு கிருமிகள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் சாப்பாட்டில் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு. சைலோஸ் என்கிற ஒருவகைச் சர்க்கரையைச் சில தின்று புளிக்கவைக்கும், சில தொடாது. எங்கள் மாதிரிக் கிருமி அதைத் தின்று குழாயின் நிறத்தை மாற்றியது. நாத்தனார் ரத்தத்திலிருந்து வந்தது நாள்கணக்கில் தொடவே இல்லை.

"இது நம்ம கிருமி இல்ல" என்று போனில் சொன்னார். நான் முதுநகர் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் என்னை அழவிட்டுவிட்டுக் கேட்டார்.

"சரி, அப்ப எல்லா மருந்துக்கும் சாவுற கிருமி எங்கேருந்து வந்துச்சு? இப்ப ஊர்ல சுத்துறது அப்படி இல்லியே. யோசி. கிருமிங்க மருந்த எதுத்து நிக்கப் பழகுறதுக்கு முன்னாடியே எங்கியோ போய் ஒளிஞ்சுக்கிட்டதா இருந்தா?"

"எங்க மேடம் ஒளியும்?"

"பித்தப்பையில. கல்லு இருந்தா இன்னும் சௌகரியம். காய்ச்சல் கொணமாயி ஆளு நல்லா இருப்பாங்க. ஆனா கிருமி உள்ளயே குடியிருக்கும், வருஷக்கணக்கா. அவுங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. உங்க வூட்ல வயசானவங்க யாரு யாரு இருக்காங்க?"

கீழே கூடத்தில் மாமா ஏப்பம் விட்டார். வடையோ பஜ்ஜியோ சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, "வாயு" என்று சோடா குடிப்பார். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவர் அந்த வாயுவை மட்டும் வருஷக்கணக்காகச் சந்தேகப்படவில்லை.

நேராக அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டில் எல்லோரும் மாதிரி கொடுக்க வேண்டும் என்று பொதுவாகச் சொன்னேன். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமாவோ உடனே புரிந்துகொண்டார்.

"ஓ. உன் மேல இருந்ததத் தூக்கி எம்மேல வெக்கிறியா?"

"எல்லாருந்தான் மாமா. நானும் குடுத்துட்டேன்."

"குடுக்குறேன். ஆனா என் கையால சீல் வெச்சுதான் குடுப்பேன். நடுவுல யாரும் கை வெக்கக் கூடாது."

சொன்னபடி செய்தார். எல்லோருடைய டப்பாக்களையும் வாங்கி, மூடியைச் சுற்றித் துணி கட்டி, மெழுகுவத்தியில் அரக்கை உருக்கி ஊற்றி, தன் மோதிரத்தால் அழுத்தினார். அத்தை தலையில் அடித்துக்கொண்டார். முடிவு வந்தது. யாரிடமும் இல்லை.

"இப்ப என்னா சொல்ற?" என்றார் மாமா. அன்றைக்கு அவர் முகத்தில் பழைய இன்ஸ்பெக்டர் இருந்தார்.

பித்தப்பையில் இருப்பது தினமும் கீழே இறங்காது, ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது, மறுபடி பார்க்க வேண்டும் என்று சொன்னேன். "கெடைக்கிற வரைக்கும் பாப்பியா? இது என்ன நியாயம்?" என்று எழுந்து போய்விட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

நாத்தனார் தேறினாள். குழந்தையும் பெட்டியை விட்டு வெளியே வந்து பால் குடிக்க ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நாளில் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமாவைத் தனியாகப் பிடித்தேன்.

"மாமா, கொழந்த நம்ம வூட்டுக்கு வரப் போவுது. நான் வேற எதுவும் சொல்லல."

அவர் வார்டுக்குள் போய்விட்டார். ஆனால் அந்த வாரமே ஒருநாள் காலை, என்னிடம் சொல்லாமல், முதல் பஸ்ஸைப் பிடித்துச் சிதம்பரம் போய், அரக்கு வைத்த டப்பாவை நேராகப் பேராசிரியை கையிலேயே கொடுத்திருக்கிறார். அடுத்த நாளும் போயிருக்கிறார். அதற்கடுத்த நாளும். "எம் மருமகளத் தொட விடாதீங்க" என்று மட்டும் சொன்னாராம். பேராசிரியை என்னைக் கூப்பிட்டுத் தட்டைக் காட்டினார். கறுப்புப் புள்ளிகள், சுற்றிலும் ஈயம் பூசினது மாதிரி ஒரு பளபளப்பு. எல்லா மருந்துக்கும் செத்தது. சைலோஸைத் தொடவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய இடம். என்மேல் இருந்தது விலகிவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் வழியெல்லாம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் ஓடியது. மகளுக்கு ஊட்டிவிட்ட கை அது.

மாமா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"டப்பா மாறியிருக்குமா?"

"நீங்கதான் சீல் வெச்சீங்க மாமா."

"ஆமா" என்றார். தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, யாரையோ குறுக்கு விசாரணை செய்கிற குரலில் தன்னையே விசாரித்துக்கொண்டார்.

"வேலையில சேந்த புதுசு. லால்பேட்டையில ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். அப்ப ஒரு காய்ச்சல் வந்து படுத்தேன். ரம்ஜான் மாசம். பக்கத்து வூட்டு பாய் தெனம் சாயங்காலம் நோன்புக் கஞ்சி குடுத்து அனுப்புவாரு. அது ஒண்ணுதான் எறங்கும். பொழச்சதே அதுலதான். முடியெல்லாம் கொட்டிப் போச்சு. டைபாய்டுன்னு சொன்னாங்களான்னு ஞாபகம் இல்ல."

"அதுவாத்தான் இருக்கும் மாமா."

"அதுக்கப்புறந்தான் கல்யாணம்." நிறுத்தினார். "ஒன் வூட்டுக்காரனுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு பையன் இருந்தான், தெரியுமா?"

தெரியாது. அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

"நடக்குறதுக்கு, பேசுறதுக்கு எல்லாம் கத்துக்கிட்டான். காய்ச்சல்ல போயிட்டான். அப்ப நான் கொஞ்ச நாளு உள்ளூர்லயே போஸ்டிங். தெனம் நான்தான் சோறு பெசஞ்சு ஊட்டுவேன்." என்னைப் பார்த்தார். "அப்பவும் இது எனக்குள்ள இருந்துச்சா?"

இருந்திருக்கும். அப்போதே பித்தப்பையில் குடியேறியிருக்கும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு வந்தது அதுதானா என்று எந்தத் தட்டும் எந்தக் குழாயும் சொல்லப் போவதில்லை. "தெரியாது மாமா" என்றேன். "சத்தியமாத் தெரியாது. காய்ச்சல் எத்தனையோ இருக்குது."

"அத்தைகிட்ட இதச் சொல்லாத" என்றார்.

நான் சொல்லவில்லை. 2008இல் அவருக்குச் சிதம்பரத்தில் ஆபரேஷன் நடந்தது. பித்தப்பையை எடுத்தார்கள். உள்ளே கொட்டைப்பாக்கு மாதிரி கற்கள். பித்தநீரிலும் அதே கிருமி. வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டார். அப்புறம் மாதாமாதம் மாதிரி கொடுத்தார், அரக்கு வைத்து. ஒவ்வொரு முறையும் இல்லை என்றே வந்தது. "நீ சொல்ற டெஸ்ட்டு, நீ பாக்குற மிஷினு. நான் எப்படி நம்புறது?" என்பார். பேத்தி அவர் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும். அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொள்வார், அவளைத் தொடாமல். பழக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். யாராவது நறுக்கி வைத்தால் தள்ளி உட்கார்ந்து சாப்பிடுவார்.

அத்தை என்னிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் நான் வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி, நாளைக்குப் பாத்துப் போடு" என்றார். நாளைக்கும் நான்தான் வைக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். எனக்கு அது போதுமானதாக இருந்தது, முழுக்க இல்லை என்றாலும்.

மூத்த பிள்ளையைப் பற்றி மாமாவுக்கு இருந்த பயம் அத்தைக்குத் தெரிந்திருக்குமா என்று நான் பல வருஷம் அவர் முகத்தைக் கவனித்திருக்கிறேன். ஒன்றும் பிடிபடாது. நான் ஆய்வை முடித்து, எங்களுக்கும் ஒரு பிள்ளை பிறந்து, 2012இல் அவன் ஒருமுறை காய்ச்சலில் படுத்தான். சாதாரண சளிக் காய்ச்சல். மாமா வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வர மறுத்தார். "நான் தொட்டேனா? முந்தாநாள் பென்சில எடுத்துக் குடுத்தேனே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அத்தை பிள்ளையின் நெற்றியில் ஈரத் துணியைப் போட்டுவிட்டு எழுந்து வாசலுக்குப் போனார்.

"இந்தாங்க. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. நம்ம பெரியவனுக்கு வந்தது மஞ்சக்காமால. கண்ணெல்லாம் மஞ்சளாப் பூத்துக் கெடந்துச்சு. நீங்க டூட்டிக்குப் போயிருந்தீங்க. நான்தான கூட இருந்தேன், எனக்குத் தெரியாதா? அது வேற சீக்கு, இது வேற சீக்கு. உள்ள வாங்க."

மாமா அத்தையை ஏற இறங்கப் பார்த்தார். தராசு முள்ளைப் பார்க்கிற பார்வை. "மஞ்சளா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்குறேன்ல."

அவர் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து, குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். என் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் தயங்கி, அவன் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நான் அடுப்படியில் அத்தையின் பின்னாலேயே போனேன். மஞ்சள் காமாலை என்று அன்றைக்கு வைத்தியர் சொன்னாரா, யார் பார்த்தது, எத்தனை நாள் காய்ச்சல் இருந்தது என்று கேட்க வாயைத் திறந்தேன். என் படிப்பு என்னை அப்படிப் பழக்கியிருந்தது. அத்தை கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"நீ ஒண்ணும் கேக்காத."

நான் கேட்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தேன்.